போராட்ட மேடையில் பாட ஆரம்பிச்சிருக்கிற பொண்ணு: அடுத்து என்ன செய்யணும்?

குடியாத்தம்_கும்மி

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு பொண்ணு, 19 வயசு, காலேஜ் ரெண்டாம் வருஷம். கணீர்னு குரல். பீடி சுத்தற பெண்கள் கூலி உயர்வு கேட்டு நடத்தின ஆர்ப்பாட்டத்துல ரெண்டு பாட்டு பாடுச்சு. அதுக்கப்புறம் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. கூட ரெண்டு பறை, ஒரு பம்பை, பின்பாட்டுக்கு மூணு பேர்.

நாலு சிக்கல். பாடுறது முக்காவாசி சினிமா மெட்டுல வரியை மாத்திப் போட்டது. சொந்தப் பாட்டு எப்படிக் கட்டுறதுன்னு தெரியலை. பறைக்கு மேல குரல் எழும்ப மாட்டேங்குது, மூணாவது பாட்டுலயே தொண்டை கட்டிக்குது. கேஸு கீஸு வந்தா படிப்பு போயிடும்னு வீட்ல பயப்படுறாங்க. கடைசியா, ஒரு யூடியூப் சேனல்காரர் ஒரு பேப்பரைக் குடுத்து கையெழுத்துப் போடச் சொல்றார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூத்துப்பெட்டி

தோழர், மெட்டுலருந்து ஆரம்பிப்போம். நாட்டுப்புறப் பாட்டுன்னாலே எல்லாரும் தெம்மாங்குக்கு ஓடுறாங்க. தெம்மாங்கு தெக்கத்திச் சரக்கு. வட ஆற்காட்டுக் காதுல ஊறினது வேற: கூத்துப் பாட்டு, பம்பை உடுக்கைப் பாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி. அந்தப் பொண்ணு பாடுற மெட்டை முன்வரிசைக் கிழவி முணுமுணுக்கணும். அதுக்கு அவங்க கிட்டருந்தே எடுக்கறதுதான் வழி.

சொந்த ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் நாலஞ்சு பெரியம்மாக்களைப் பிடிங்க. கேட்டுட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. ஃபேனை நிறுத்திட்டு, போனை வாய்க்கு ஒரு அடி தூரத்துல வெச்சா போதும். ஒப்பாரியை வீட்டுக்குள்ள பாடச் சொல்லாதீங்க, பாட மாட்டாங்க. சாவு இல்லாத வீட்ல ஒப்பாரி ஆகாதுன்னு நம்பிக்கை. கழனி மேட்டுக்கோ ஏரிக்கரைக்கோ கூட்டிட்டுப் போனா தானா வரும். ஒரே மெட்டை மூணு பேர் மூணு மாதிரி பாடுவாங்க. மூணுலயும் மாறாம நிக்கிற எலும்பு எதுவோ அதை எடுத்துக்கங்க, மீதியெல்லாம் அவங்கவங்க நகாசு. யார் பாடினது, எந்த ஊர், என்னைக்குன்னு நோட்டுல எழுதி வைங்க. இது பின்னாடி ரொம்ப உதவும், காரணம் வேற யாராவது சொல்லுவாங்க.

நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரன் தன்னானேங்கிற பாட்டுக் குழுவை நடத்தினவர், பிறகு பல்கலைக்கழகத்துலயும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துலயும் பொறுப்புல இருந்தவர். அவரோட பலம் குரல் மட்டும் இல்லை. ஊர் ஊராப் போய்ச் சேகரிச்ச பாட்டு மூட்டை. தலித் மேடைகள்ல அவர் பாடினப்ப மெட்டு ஏற்கெனவே ஜனங்களோடது, சொல்ல வந்த சேதி மட்டும் புதுசு.

இப்ப வரி. பாலாத்தைப் பத்தி எழுதுறதா வெச்சுக்கங்க. ஆரம்பத்துல எல்லாரும் "சுற்றுச்சூழல் சீர்கேட்டை எதிர்ப்போம்"னு எழுதுவாங்க. அது நோட்டீஸ். பாட்டுன்னா இப்படி இறங்கணும்:

பாலாறுன்னு பேரு வெச்சான் பாட்டன் – அதுல
பாதம் நனையத் தண்ணியில்ல பேரன்
ஊத்துத் தோண்டிக் குடிச்ச கையி – இன்னிக்குக்
கேனு வாங்கக் கடன் கேக்குது, ஏன்?

கவனிங்க: பாலாறு, பாதம் மோனை. பாட்டன், பேரன்ல ரெண்டு தலைமுறை கடந்துடுச்சு. கை ஒண்ணுதான், அப்ப ஊத்துத் தோண்டுச்சு, இப்ப காசுக்கு நீளுது. கடைசி "ஏன்"ஐ அந்தப் பொண்ணு பாடக் கூடாது. "கேக்குது"லயே நிறுத்தி, பறையும் ஒரு தட்டு நின்னு, பின்பாட்டு மூணு பேரும் "ஏன்?"னு போடணும். ரெண்டாவது சுத்துல கூட்டமே போடும். அது நடக்கலைன்னா பாட்டுல எங்கேயோ கோளாறு. பெரும்பாலும் வரி நீளமா இருக்கும், மூச்சு விட இடமிருக்காது. பல்லவி ரெண்டு வரி, சரணம் மூணு, மொத்தம் நாலு நிமிஷத்துக்குள்ள.

விவரம் சரியா இருக்கணும், இதுல சலுகையே கிடையாது. பாலாறு செத்ததுக்கு டேனரி (தோல் பதனிடுற ஆலை) ஒண்ணே காரணம்னு பாடினா, முன்னாடி நிக்கிற டேனரித் தொழிலாளியே எழுந்து போயிடுவான், அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மணல் அள்ளினது இருக்கு. நந்தி மலையில பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுற ஆத்துல 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுல. மேல கர்நாடகா, ஆந்திராவுல கட்டின தடுப்புகள் இருக்கு, ஆத்துத் தண்ணிக்காக மைசூரும் மதராஸும் போட்ட 1892 ஒப்பந்தம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரணம் குடுக்கலாம். 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்புல ஒரு டேனரிக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த ஒரு தொகையை வெச்சே ஒரு சரணம் கட்டலாம், திட்டவே வேணாம். "மாசு பண்ணவன் காசு கட்டணும்"ங்கிற கொள்கை அந்தத் தீர்ப்புல இருக்கு; எதுகை இனாமா வருது பாருங்க. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில 2015 ஜனவரி 31 அதிகாலையில கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 பேர் செத்தாங்க, பெரும்பாலும் வெளிமாநிலத்துலருந்து வந்தவங்க. அவங்களுக்கு இங்க ஒப்பாரி வைக்க ஆளில்லை. ஒப்பாரி மெட்டு அங்கதான் பொருந்தும்.

பீடிப் பாட்டுக்கும் இதேதான். கூலி ஆயிரம் பீடிக் கணக்கு. குடுக்கிற இலை ஆயிரத்துக்குப் பத்தாது, குறையறதைக் கைக்காசுல வாங்கணும். சுத்திக் குடுத்ததுல ஒரு கை "கழிவு"ன்னு தள்ளுவாங்க, அதுக்குக் கூலி கிடையாது. "உழைக்கும் பெண்ணே எழுந்து வா"வை விட "கழிவு"ங்கிற ஒரு சொல்லு போதும், முன்னாடி உக்காந்திருக்கிறவங்க நிமிர்ந்து பார்ப்பாங்க. எழுதினதும் பீடி சுத்தற ரெண்டு பேருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் மேடை ஏத்தணும்.

பேச்சு நம்ம பேச்சாவே இருக்கட்டும். "இன்னா", "வந்துகினு" எல்லாம் வெக்கப்படுற சரக்கில்லை. ஆம்பூர், மேல்விசாரம்னா பின்பாட்டுல ஒரு வரி உருது, பேர்ணாம்பட்டுன்னா ஒரு வரி தெலுங்கு போட்டுப் பாருங்க.

மைக்செட்டு

குரல் கேக்காததுக்கு ஆள் நிக்கிற இடம்தான் காரணமா இருக்கும். பறைக்காரங்களைப் பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி நிறுத்துறாங்களா? அப்ப பாடகி மைக் பறையையும் சேர்த்து இழுக்கும், ஏன்னா மைக்கோட வாய் அந்தப் பக்கம்தான் பார்க்குது. பறையை ரெண்டு பக்கமும் எட்டு, பத்து அடி தள்ளி, மைக்குக்குப் பக்கவாட்டுல நிறுத்துங்க. பறைக்கு மைக்கே வேணாம். பம்பைக்கு வேணும்னா ஒண்ணு. ஸ்பீக்கர் ரெண்டும் மைக்குக்கு முன்னாடி, கூட்டத்தைப் பார்த்து. பின்னாடி இருந்தா ஊய்ங்னு கத்தும்.

மைக்கோட தலைக்கூண்டைக் கையால பொத்திப் பிடிக்கக் கூடாது. டிவியில பாடுறவங்களைப் பார்த்துட்டு எல்லாரும் அப்படிப் பிடிக்கிறாங்க. பொத்தினா நாலு பக்கச் சத்தமும் உள்ள வரும், ஊளையும் கூடும். தண்டைப் பிடிக்கணும், வாய்க்கும் மைக்குக்கும் ரெண்டு விரக்கடை. உச்சஸ்தாயி வரும்போது நாலு விரக்கடை. ஷூர் எஸ்எம் 58 மாதிரி ஒரு மைக்கைச் சொந்தமா வெச்சுக்கறது நல்லது. வாடகை செட்டோட வர்ற மைக் எப்படி இருக்கும்னு சொல்லவே முடியாது. ட்ராலி ஸ்பீக்கர்னா முந்தின நாள் ராத்திரியே சார்ஜ் போடுங்க. பேட்டரி இறங்க இறங்கச் சத்தம் உடையும், பாடுறவங்க அது தெரியாம இன்னும் கத்துவாங்க.

தொண்டை கட்டுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கோஷமும் அதே பொண்ணு போடுதா? உடனே நிறுத்துங்க. கோஷத்துக்கு வேற ஆள். அரை மணி நேரம் கோஷம் போட்ட தொண்டை பாடாது, கத்தத்தான் செய்யும். ரெண்டு, சுருதி. பொண்ணுங்க சாதாரணமா நாலரைலருந்து அஞ்சரைக் கட்டை (சுருதி அளவு) வரைக்குள்ள பாடுவாங்க. தீயில காய்ச்சின பறை கிண்ணுனு கேட்டதும், அதைத் தாண்டணும்னு நினைச்சு ஒரு கட்டை மேல எடுத்துடுறாங்க. போன்ல தம்புரா ஆப் இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டையைத் தாள்ல மேலயே எழுதி வெச்சு, காதுல சுருதி வாங்கிட்டுத்தான் எடுக்கணும். பாடும்போது பறை அடங்கி பாடல் அடி மட்டும் வாசிக்கணும், இடையில பாட்டு நிக்கிறப்ப வெளுத்து வாங்கட்டும். இதை ரிகர்சல்ல பேசி வைக்கணும், மேடையில கை காட்டினா எவனும் பார்க்க மாட்டான்.

வரிசையும் முக்கியம். நடுத்தரமான பாட்டு முதல்ல, அப்புறம் ஒப்பாரி, உச்சம் கடைசியில. நாற்பது நிமிஷ நிகழ்ச்சிக்கு ஆறு பாட்டு போதும். நடுவுல கூத்துக் கட்டியக்காரன் மாதிரி ஒருத்தர் ரெண்டு நிமிஷம் நக்கல் அடிக்கட்டும். ஜனம் சிரிக்கும், தொண்டைக்கும் ஓய்வு. ஐஸ் தண்ணி வேணவே வேணாம்.

ஒரு விஷயம் காலண்டர் பார்த்து முடிவு பண்ணுங்க: ஆடி மாசம் பம்பைக்காரர் கிடைக்க மாட்டார், எல்லாம் அம்மன் கோயில்ல இருப்பாங்க. வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு அன்னிக்குக் குடியாத்தத்துல ஒரு தோல் கருவிகூடச் சும்மா இருக்காது. பறை மட்டும் வெச்சுப் பாடக்கூடிய நாலு பாட்டு கையில இருக்கட்டும்.

அரக்கோணம்_லோக்கல்

கூத்துப்பெட்டி சொல்றது சரிதான், ஆனா சினிமா மெட்டை அடியோட விரட்ட வேணாம். தெருமுனையில கூட்டம் நிக்க ஒண்ணு வேணும். முதல் பாட்டுக்கு வெச்சுக்கட்டும், ஆனா ரெக்கார்ட் பண்ணிப் போடக் கூடாது. யூடியூப்ல உடனே உரிமைக் கோரிக்கை வரும், வருமானம் அவங்களுக்குப் போகும், இல்லைன்னா வீடியோவே போகும்.

ராப் பாடகர் அறிவை எடுத்துக்கங்க, அரக்கோணத்துக்காரர். ஒரே நாள்ல வந்த மாதிரி பேசறாங்க. 2018 ஜனவரியில அவர் இருந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவோட முதல் மேடை. 2019-ல தெருக்குறள் ஆல்பம். அதுக்கப்புறம் குடியுரிமைச் சட்டப் போராட்டம் நேரத்துல அவர் பாட்டு ஊரெல்லாம் போச்சு. உலகம் முழுக்கக் கேட்ட "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டு 2021-ல. வரிசையைப் பாருங்க: முதல்ல குழு, அப்புறம் சொந்தப் பாட்டு மூட்டை, அதுக்குப் பிறகுதான் பெரிய வெளிச்சம். அந்த வெளிச்சத்துலயும் 2021-ல ஒரு பத்திரிகை அட்டைப்படத்துல அவரை விட்டுட்டாங்கன்னு பெரிய சர்ச்சை, பிறகு தனியா அவரைப் போட்டாங்க. பேர் போடுற விஷயத்தை அந்தப் பொண்ணு முதல் நாள்லருந்தே கறாரா வெச்சுக்கணும்: எழுதினது யார், மெட்டு யார் கிட்டருந்து, பறை யார், பின்பாட்டு யார். கூத்துப்பெட்டி எழுதி வைக்கச் சொன்ன அந்த நோட்டு இதுக்குத்தான்.

கறுப்புக்கோட்டு

வழக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

அனுமதி வாங்குவது அமைப்பாளர் வேலை. மாவட்டங்களில் காவல் சட்டம் 30(2) நடைமுறையில் இருக்கும்போது அனுமதியில்லாமல் கூடினால் வழக்கு வரும். குறைந்தது ஒரு வாரம் முன்பே மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தேதி, இடம், தொடங்கும் முடியும் நேரம், எத்தனை பேர், பெட்டி வகை ஒலிபெருக்கி எத்தனை, கலை நிகழ்ச்சி உண்டு என்பது எல்லாம் மனுவில் இருக்கட்டும். "கலை நிகழ்ச்சி" என்ற சொல் இல்லாவிட்டால், பறையை எடுத்தவுடன் நிறுத்தச் சொல்வார்கள். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. பாடகி மேடை ஏறும் முன் அனுமதிக் கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

வழக்கமாகப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2) சட்டவிரோதக் கூட்டம், 126(2) தடுத்து நிறுத்துதல், 285 பொதுவழி மறித்தல், 223 உத்தரவை மீறுதல். அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 283, 188. கைது என்று கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே எழுதிக்கொண்ட பெயர்ப் பட்டியல் எஃப்ஐஆர் ஆகியிருக்கலாம். காவல்துறை இணையதளத்தில் எஃப்ஐஆரைப் பார்க்க முடியும், பார்த்துவிடுங்கள். அரசு வேலைப் படிவத்தில் வழக்கு விவரம் கேட்பார்கள். வழக்கு இருப்பதை விட, இருப்பதை மறைப்பதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. இந்த வகை வழக்குகளை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 482, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் 528. காவல்துறை தானாகவே 188-இல் எஃப்ஐஆர் பதிய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அந்த வாதம் 223-க்கும் பொருந்தும்.

பாட்டின் வரிகளுக்காகவே வழக்கு வருவது அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று மதுக்கடை எதிர்ப்புப் பாடல்களுக்காக 124ஏ தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார், பிறகு ஜாமீனில் வந்தார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே 11 அன்று நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அந்த இடத்தில் 152 இருக்கிறது. எனவே வரியில் மூன்று கவனம்: தனி ஆளின், கம்பெனியின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள் (அவதூறு, 356). சாதிப் பெயரை வசையாக எந்தப் பக்கமும் பயன்படுத்தாதீர்கள். "கொளுத்து", "வெட்டு" என்று நேரடி ஏவல் வேண்டாம். கொள்கையை, உத்தரவை, அரசை எவ்வளவு வேண்டுமானாலும் நக்கல் செய்யலாம்.

குடியாத்தம்_கும்மி

ரொம்ப நன்றி. கோஷமும் அதே பொண்ணுதான் போட்டுக்கினு இருந்துச்சு! அந்த யூடியூப் பேப்பர்ல "பாடல், இசை, குரல் சார்ந்த அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" அவங்களுக்கு, 5,000 ரூபாய் ஒரே தடவைன்னு இருக்கு. பாட்டோட பேர்கூட எழுதலை. இன்னொண்ணு, ஒரு பறையில ஓரமா மயிரிழை மாதிரி வெடிப்பு வந்திருக்கு.

கறுப்புக்கோட்டு

கையெழுத்துப் போட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை வருடம், எந்தப் பகுதி, எவ்வளவு பணம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், பகுதி சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். "நிரந்தரம்" என்று எழுதுவது அந்தக் காப்பைத் தட்டிப் பறிக்கத்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை. அதையும் தேடிப் பாருங்கள், எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

பதிலுக்கு இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஒரு பாட்டின் இந்த ஒரு வீடியோவுக்கு மட்டும், 2 வருடம். வரியும் மெட்டும் பாடகியிடமே. மேடையில் பாட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று தனி வரி. விளக்கப் பகுதியில் முழுக் குழுவின் பெயர். பெரியம்மாவிடம் எடுத்த ஒப்பாரி மெட்டை "எங்கள் சேனலின் சொந்த இசை" என்று எழுத விடாதீர்கள். அப்படி எழுதினால் நாளைக்கு அந்த ஊரே அந்த மெட்டைப் பாடிப் போட்டாலும் உரிமைக் கோரிக்கை வரும்.

கூத்துப்பெட்டி

காசு விஷயம் ஒண்ணு சேர்த்துக்கறேன். போராட்ட மேடைன்னா பஸ் செலவு, சாப்பாடு, வண்டி வாடகை மட்டும், ஆனா அது கட்டாயம், முன்னாடியே பேசுங்க. கலை இரவு, கல்லூரி விழா, கட்சி மாநாடுன்னா கூலி. கூத்து ஜமாவுல பங்குப் பிரிக்கிற முறையே நல்லது: ஆளுக்கு ஒரு பங்கு, கருவிக்கு அரைப் பங்கு, குழுவுக்குப் பொதுவா ஒரு பங்கு. பாடகிக்கு மட்டும் கூட்டிக் குடுத்தா ஆறு மாசத்துல பறைக்காரர் வேற குழுவுக்குப் போயிடுவார்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல எல்லாரையும் பதிவு பண்ணுங்க. மாவட்ட அளவுல கலை பண்பாட்டுத் துறை குடுக்கிற கலை வளர்மணி விருது 19லருந்து 35 வயசு வரைக்கும், இந்தப் பொண்ணு போடலாம். நிகழ்ச்சி நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, போட்டோ எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபைல்ல போட்டுக்கினே வாங்க, விண்ணப்பத்துல அதைத்தான் கேப்பாங்க.

மைக்செட்டு

வெடிப்புக்கு: ரொம்பக் கிட்டக் காட்டிக் காய்ச்சியிருக்காங்க, இல்ல ஒரே இடத்துல நிறுத்திட்டாங்க. வைக்கோலோ காய்ஞ்ச தென்னோலையோ போட்டு, தீயிலருந்து ஒன்றரை அடி தள்ளிப் பறையைச் சுத்திக்கினே இருக்கணும். விரலால தட்டிப் பாருங்க, கிண்ணுனு வந்ததும் எடுத்துடணும். பனியில அரை மணி தாங்காது, அதனால ஒண்ணு மேடையில, ஒண்ணு தீக்கிட்டன்னு மாத்தி மாத்தி. பம்பைக்குக் கயிறு இழுத்தா போதும், பறைக்கு நெருப்புதான்.

அந்த வெடிப்பு பறையோட மரக்கட்டையை ஒட்டி இருந்தா புளியங்கொட்டைப் பசை வெச்சுத் தோல் பட்டி ஒட்டி ரெண்டு நாள் நிழல்ல காய வெச்சுப் பாருங்க, ரிகர்சலுக்கு ஓடும். ரெண்டு விரக்கடைக்கு மேல உள்ள வந்துட்டா தோலை மாத்துறதுதான். புதுத் தோல் படிய ஒரு வாரமாவது ஆகும், அதுக்கு நடுவுல தேதி குடுக்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒரு ஃபைபர் பறை வாங்கி வைங்க. சத்தம் தகரம் மாதிரிதான் இருக்கும், ஆனா தொங்காது.